புகையைப் படிக்கச் சொல்லித் தந்த பட்டறை

(தலைப்பு: ஒரு தொழிலைக் கற்றுத் தருவதில் விஞ்சி நிற்பது படிப்பறையா? பட்டறையா? – 'பட்டறையே' என்ற அணியில் பேசியது.)



எனக்கு முன்னாடி பேசிய எதிரணி நண்பர் மேடை ஏறும்போது எனக்குக் கை கொடுத்தார். கொடுத்துவிட்டு நைசாகத் தன் கையை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். (சிரிப்பு) பயப்படாதீங்க சார், கிரீஸ் ஒட்டாது. இருபது வருஷத்துக் கறை அது. சோப்புக்கும் போகாது, மண்ணெண்ணெய்க்கும் போகாது. உங்க கையிலே பேனா மை, என் கையிலே கிரீஸ். ரெண்டுமே படிச்சதோட அடையாளம்தான். (கைத்தட்டல்)

நான் திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்துக்காரன். ரமண மகரிஷி 1879-ஆம் வருஷம் பிறந்த ஊர் திருச்சுழி. 'நான் யார்?' என்று உலகத்தையே கேட்க வைத்த மனிதர் பிறந்த மண். ஆனா அய்யா, எங்க ஊர்ப் பிள்ளைகள் பத்தாவது முடிச்ச உடனே கேட்கிற கேள்வி, 'நான் எங்க போறது?' என்பதுதான். (சிரிப்பு) வானம் பார்த்த கரிசல் பூமி. மழை பெய்தால் பருத்தி, மிளகாய். பெய்யாவிட்டால் சீமைக்கருவேலம். அந்த மரம் மட்டும் எங்களை எப்பவும் ஏமாற்றாது. அதை வெட்டி, மூட்டம் போட்டு, கரியாக்கி விற்றுப் பிழைத்த குடும்பம் எங்க குடும்பம். பக்கத்து டவுன் என்றால் அருப்புக்கோட்டை. மல்லிகைப் பூவும் தறிச் சத்தமும் பஸ்ஸுமாக இருக்கிற ஊர். அந்த ஊரிலே ஒரு கார் பட்டறையிலேதான் நான் தொழில் கற்றேன். இன்றைக்கு எனக்கென்று சின்னதாக ஒரு பட்டறை இருக்கு. அந்தத் தகுதியிலேதான் இங்கே நிற்கிறேன்.

எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? "காரணம் தெரியாமல் காரியம் செய்கிறவன் கூலிக்காரன், காரணம் தெரிந்து செய்கிறவன்தான் தொழில்காரன். காரணத்தைச் சொல்லித் தருவது படிப்பறை" என்றார். நல்ல பேச்சு. நானே கை தட்டினேன். ஆனா ஒரு விஷயம் சொல்றேன், கேளுங்க.

அழுத்தம் கூடினால் தண்ணீரின் கொதிநிலை கூடும். இதை எங்க பள்ளிக்கூடத்து அறிவியல் வாத்தியார் அருமையாக நடத்தினார். படம் போட்டுப் பாகம் குறித்தேன். பத்துக்கு ஒன்பது மார்க். பரீட்சை முடிஞ்சது, விஷயமும் அதோட முடிஞ்சது. பட்டறைக்குப் போன முதல் வாரம். ஒரு கார் கொதித்து வந்து நிற்கிறது. டிரைவர் அவசரத்திலே ரேடியேட்டர் மூடியில் கையை வைத்தார். என் மேஸ்திரி தூரத்திலிருந்து பாய்ந்து வந்து அவர் கையைத் தட்டிவிட்டார். அரை மணி நேரம் ஆறவிட்டு, ஈரச் சாக்கைப் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினார். அப்பவும் 'புஸ்'ஸென்று ஒரு சீறல். பிறகு என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "தம்பி, குக்கர்லே விசில் அடங்குறதுக்கு முன்னாடி உங்க அம்மா மூடியைத் திறப்பாங்களா? இதுவும் குக்கர்தான். உள்ளே தண்ணி நூறு டிகிரிக்கு மேலே போயும் கொதிக்காம அடங்கி இருக்கு. திறந்தா அந்த நிமிஷமே கொதிச்சு மூஞ்சியிலே அடிக்கும்."

நடுவர் அவர்களே, வாத்தியார் சொன்னதும் அதே விஷயம்தான், மேஸ்திரி சொன்னதும் அதே விஷயம்தான். வாத்தியார் சொன்னது விடைத்தாளுக்குப் போச்சு. மேஸ்திரி சொன்னது என் தோலுக்குள்ளே போச்சு. காரணம் படிப்பறையிலே மட்டும்தான் கிடைக்கும் என்று யார் சொன்னது? பட்டறையிலும் காரணம் உண்டு. அங்கே அது சூடாகக் கிடைக்கும்! (கைத்தட்டல்)

நான் பட்டறையில் சேர்ந்தது 2006-ஆம் வருஷம், பத்தாவது முடித்த கையோடு. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே எங்க அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போய் நின்றிருக்கிறார். எட்டாவது முழுப் பரீட்சை லீவு. "அண்ணாச்சி, இவனை உங்ககிட்ட விட்டுர்றேன். அடிச்சாவது தொழிலைக் கத்துக் குடுங்க" என்றார் அப்பா. மேஸ்திரி என்னைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தார். "நான் அஞ்சாவதோட பட்டறைக்கு வந்தவன்யா. ஸ்பேனராலேயே அடி வாங்கிக் கத்துக்கிட்டவன். அந்தப் பாடம் என்னோட போகட்டும். இவன் பத்தாவது மார்க் ஷீட்டை எடுத்துக்கிட்டு வரட்டும், அன்னைக்கு ஸ்பேனரைத் தர்றேன்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

எதிரணி நண்பர்களே, என்னைப் பத்தாவது படிக்க வைத்தது யார்? பள்ளிக்கூடமா? பட்டறைதான்! அந்த மார்க் ஷீட்டு இல்லாவிட்டால் ஸ்பேனர் கிடைக்காது என்று சொன்ன ஒரு மனிதருக்காகத்தான் நான் கணக்கையும் இங்கிலீஷையும் கட்டிக்கொண்டு அழுதேன். (சிரிப்பு, கைத்தட்டல்)

சரி, மார்க் ஷீட்டோடு போனேன். ஸ்பேனர் கிடைத்ததா? இல்லை. ஒரு தட்டும், மண்ணெண்ணெயும், பழைய பிரஷும் கிடைத்தது. மூணு மாசம் கழற்றிப் போட்ட சாமான்களைக் கழுவுறதுதான் வேலை. டீ வாங்கிட்டு வரணும், வேஸ்ட் துணி கிழிச்சு வைக்கணும். இதைத்தான் எதிரணியிலே ஒரு அம்மா, "பட்டறையிலே என்ன கற்றுத் தருகிறார்கள், டீ வாங்கத்தானே?" என்று கேலி செய்தார்கள்.

அம்மா, ஜப்பானிலே ஒரு பையன். கொல்லர் வீட்டுப் பிள்ளை. 1922-லே டோக்கியோவிலே 'ஆர்ட் ஷோகாய்' என்கிற கார் பட்டறையிலே எடுபிடியாகச் சேர்ந்தான். கார் ரிப்பேர் கற்றுக்கலாம் என்று ஆசையாகப் போனவன் கையிலே என்ன கொடுத்தாங்க தெரியுமா? முதலாளியோட கைக்குழந்தையை! (சிரிப்பு) மாசக்கணக்கிலே குழந்தையைத் தூக்கிக்கொண்டு பட்டறையை வேடிக்கை பார்த்தான். 1923-லே பெரிய பூகம்பம் வந்து டோக்கியோ எரிந்து போனது. பட்டறையிலே இருந்த வேலையாட்கள் பலபேர் ஊரைப் பார்த்துப் போய்விட்டார்கள். இந்தப் பையன் போகவில்லை. முதலாளியோடு இருந்தான், எல்லா வேலையும் கற்றான். 1928-லே அதே பட்டறைப் பெயரிலே சொந்த ஊர்ப் பக்கம் கிளை திறந்தான். 1948-லே தன் பெயரிலேயே ஒரு கம்பெனி தொடங்கினான். அந்தப் பையன் பெயர் சோய்ச்சிரோ ஹோண்டா! (நீண்ட கைத்தட்டல்) இன்றைக்கு நம்ம தெருவிலே ஓடுகிற எத்தனையோ வண்டிகளில் எழுதியிருக்கிறது அந்தப் பிள்ளை தூக்கினவர் பெயர்தான்.

கழுவுறது கேவலமான வேலை இல்லை அய்யா. மூணு மாசம் கழுவினதிலே எந்தச் சாமான் எந்த வண்டிக்கு, எது எங்கே தேயும், எந்தப் பல் உடையும் என்று கை தானாகக் கற்றுக்கொண்டது. கண்ணைக் கட்டிவிட்டு ஒரு வால்வைக் கையிலே கொடுத்தால், உள்ளே காற்றை இழுக்கிற வால்வா, புகையைத் தள்ளுகிற வால்வா என்று சொல்லுவேன். இதை எந்தப் புத்தகத்தின் எந்தப் பக்கத்திலே அச்சடிப்பீங்க?

இப்போ முக்கியமான இடத்துக்கு வருகிறேன். படிப்பறையிலே அறுபது பிள்ளைக்கு ஒரே பாடம். பட்டறையிலே ஒரு பிள்ளைக்கு ஒரு பாடம். அவன் எங்கிருந்து வருகிறான் என்று பார்த்து, அவனுக்குத் தெரிந்ததிலிருந்து தெரியாததுக்குக் கூட்டிப் போகிறவர்தான் குரு. என் மேஸ்திரி எனக்கு முதல் பாடத்தை எதிலே தொடங்கினார் தெரியுமா? எங்க அப்பாவோட கரிமூட்டத்திலே!

ஒருநாள் ஒரு பழைய அம்பாசடர் கரும்புகை கக்கிக்கொண்டு வந்தது. "தம்பி, உங்கப்பா மூட்டம் போடுறாரே, கரி ஆயிருச்சா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறாரு?" என்று கேட்டார். "புகையைப் பார்த்து அண்ணாச்சி. முதல்லே வெள்ளையாக் குபுகுபுன்னு வரும், அது கட்டையிலே இருக்கிற தண்ணி. போகப் போக நீலமாகி மெலிஞ்சிரும். அப்ப கரி ஆயிருச்சுன்னு அர்த்தம்" என்றேன். "காத்து அதிகமாப் போச்சுன்னா?" "எல்லாம் எரிஞ்சு சாம்பலாயிரும்." "குறைஞ்சா?" "கட்டை வேகாது."

"இவ்வளவுதான்டா மோட்டார்!" என்றார். "உங்கப்பா மண்ணைத் தள்ளித் தள்ளிக் காத்தை அளந்து விடுறாரு. இந்தக் கார்புரேட்டரும் காத்தைத்தான் அளந்து விடுது. பெட்ரோல் கூடி, காத்து குறைஞ்சா கரும்புகை. ஏர் ஃபில்டர் அடைச்சிருக்கான்னு முதல்லே பாரு. நீலப் புகை வந்தா உள்ளே ஆயில் எரியுது, பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ போயிருச்சு. காலையிலே ஸ்டார்ட் பண்ணும்போது கொஞ்சம் வெள்ளை வரும், அது ஈரம், பயப்படாதே. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிக்கலைன்னா, ரேடியேட்டர் தண்ணி இன்ஜினுக்குள்ளே இறங்குது, ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படு."

அய்யா, அன்றைக்கு என் மனசிலே என்ன நடந்தது தெரியுமா? அதுவரைக்கும் கரிமூட்டக்காரன் மகன் என்று சொல்லக் கூச்சப்பட்டவன் நான். பள்ளிக்கூடத்திலே என் சட்டையில் புகை வாடை அடிக்கிறது என்று தள்ளி உட்காரச் சொன்ன பிள்ளைகள் உண்டு. அந்தப் புகையையே எனக்குப் பாடப் புத்தகம் ஆக்கினார் ஒரு மனிதர். எங்க அப்பாவும் ஒரு விஞ்ஞானிதான் என்று எனக்குக் காட்டினார். இதைச் செய்தது பட்டறை! (நீண்ட கைத்தட்டல்)

அதோட விடவில்லை. "இந்தக் கரியிலேயே பஸ்ஸு ஓடியிருக்குடா" என்றார். நான் நம்பவில்லை. பிறகு விசாரித்தால் நிஜம்தான். இரண்டாம் உலகப் போர் நேரத்திலே பெட்ரோல் தட்டுப்பாடு. அப்போ மதுரை டி.வி.எஸ். நிறுவனத்தார் கரியிலிருந்து வாயு எடுக்கிற கலம் செய்து வண்டிகளிலே பொருத்தினார்கள். முதுகிலே அடுப்பைச் சுமந்துகொண்டு பஸ்கள் ஓடின. ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேணும் என்கிற கணக்கை நான் அப்புறம் புத்தகத்திலே படித்தேன். படிக்கும்போது அது எனக்குப் புதுசாக இல்லை. எங்க அப்பா ராத்திரியெல்லாம் ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணைத் திறந்து மூட்டத்துக்குக் காவல் கிடந்தாரே, அந்தக் கணக்குதானே அது?

அடுத்தது, நம்ம ஊர் வண்டிக்கு நம்ம ஊர் வைத்தியம். புத்தகம் எழுதுகிறவர் எங்கேயோ இருந்து எழுதுகிறார். 'ரேடியேட்டரில் கூலண்டை உரிய அளவில் கலக்கவும்' என்று எழுதுகிறார். எங்க பக்கத்து போர்த் தண்ணியை அவர் குடித்துப் பார்த்திருக்கிறாரா? வாயிலே வைத்தால் உப்பு. பருப்பு வேகாது. அந்தத் தண்ணியைத்தான் அவசரத்துக்கு ரேடியேட்டரிலே ஊற்றுகிறார்கள். பானை அடியிலே படிகிற உப்பு மாதிரி, குழாய்க்குள்ளே படிந்து அடைத்துவிடுகிறது. அதனாலே எங்க மேஸ்திரி பட்டறை வாசலிலே எப்பவும் ரெண்டு கேன் காய்ச்சி வடித்த தண்ணி வைத்திருப்பார். கிராமத்து வண்டி எது வந்தாலும் முதல் கேள்வி, "என்ன தண்ணி ஊத்துனீங்க?" வண்டிக்காரர் வீட்டிலே சம்பந்தம் பேசுகிற மாதிரி விசாரிப்பார். (சிரிப்பு) கரிசல் புழுதி வேறு. 'இத்தனை ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஏர் ஃபில்டரை மாற்றவும்' என்று புத்தகம் சொல்லும். எங்க பக்கத்து மண் ரோட்டிலே கோடையிலே ஓடுகிற வண்டிக்கு அந்தக் கணக்கு செல்லாது. அந்தக் கணக்கை மண்ணைத் தெரிந்தவன்தான் சொல்ல முடியும்.

இனி, படிப்பறையிலே பாடத்திட்டத்திலேயே இல்லாத ஒரு பாடம். நேர்மை. ஒரு ஓய்வு பெற்ற ஆசிரியர் தன் பழைய காரைக் கொண்டுவந்தார். இன்ஜின் சூடாகிறது. வேறொரு இடத்திலே காட்டியிருக்கிறார். "இன்ஜினை இறக்கணும், நாப்பதாயிரம் ஆகும்" என்று சொல்லிவிட்டார்களாம். பென்ஷன்காரர். முகம் வாடி நிற்கிறார். மேஸ்திரி பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. ஒரே கேள்வி: "சார், வண்டி மதுரை ரோட்டிலே ஓடும்போது சூடாகுதா, பஜாரிலே நிக்கும்போது சூடாகுதா?" அவர் யோசித்து, "நிக்கும்போதுதான்" என்றார்.

மேஸ்திரி என் பக்கம் திரும்பி, "சொல்லுடா, ஏன்?" என்றார். ஓடும்போது எதிர்க்காற்று ரேடியேட்டரைக் குளிர வைக்கிறது. நிற்கும்போது குளிர வைக்க வேண்டியது ஃபேன். அப்போ ஃபேன் சுற்றவில்லை. "ஃபேனைப் பார்க்கணும் அண்ணாச்சி" என்றேன். பார்த்தோம். ஃபேனுக்குக் கரண்ட் விடுகிற ரிலே போயிருந்தது. சின்ன டப்பா. சில நூறு ரூபாய். மாற்றினோம், ஃபேன் சுற்றியது, அந்தப் பெரியவர் முகத்திலேயும் காற்று வந்தது. (கைத்தட்டல்)

அவர் போன பிறகு பட்டறையிலே இருந்த ஒருத்தர் கேட்டார், "ஏன் அண்ணாச்சி, அவரே நாப்பதாயிரம்னு மனசு தயாராத்தானே வந்தாரு? ஒரு அஞ்சாயிரம் சொல்லியிருக்கலாமே?" மேஸ்திரி சொன்னார்: "காருக்குள்ளே என்ன இருக்குன்னு அவருக்குத் தெரியாது. தெரியாதவன்கிட்ட எடுக்கிற காசுக்குப் பேரு கூலி இல்லப்பா." அய்யா, இந்த ஒரு வரிக்கு எந்தக் காலேஜிலே ஃபீஸ் கட்டுவது?

(நடுவர்: அந்தப் பட்டறை விலாசத்தை நிகழ்ச்சி முடிஞ்சதும் எங்கிட்டக் குடுத்துட்டுப் போங்க தம்பி. – சிரிப்பு)

குடுக்கிறேன் அய்யா. ஆனா அவசரம்னு சொல்லாதீங்க. 'அவசரம்னா பஸ்லே போங்க' என்று சொல்லிவிடுவார். (சிரிப்பு)

எதிரணி ஒரு கனமான குற்றச்சாட்டு வைத்தார்கள். அதைச் சிரித்துத் தள்ளக் கூடாது. "பட்டறை என்றாலே சின்னப் பிள்ளைகளின் உழைப்பைச் சுரண்டுகிற இடம்" என்றார்கள். அப்படிப்பட்ட பட்டறைகள் இருந்தன, இல்லையென்று சொல்லமாட்டேன். என் மேஸ்திரி வாங்கின அடியே அதற்குச் சாட்சி. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-லே வந்தது. அதன் ஆபத்தான தொழில்களின் பட்டியலிலே மோட்டார் பட்டறையும் சேர்க்கப்பட்டது. 2016-லே சட்டத்தைத் திருத்தி, 14 வயசுக்குக் கீழே உள்ள பிள்ளையை எந்தத் தொழிலிலும் வேலைக்கு வைக்கக் கூடாது என்று ஆக்கினார்கள். நூற்றுக்கு நூறு சரி. எட்டு வயசுப் பிள்ளையைக் காருக்கு அடியிலே படுக்க வைக்கிறவன் குரு இல்லை, குற்றவாளி. நாங்கள் அவனுக்காகப் பேச வரவில்லை.

நாங்கள் பேசுவது எந்தப் பட்டறைக்காக? ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியிலே போகக் கூடாது, ஸ்டாண்டு வைத்து, டயருக்கு அண்டைக் கல் கொடுத்து, ஒரு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் போகணும் என்று சொல்லித் தருகிற பட்டறைக்காக. எங்க மேஸ்திரி தினமும் காலையிலே தன் கையாலேயே ஸ்டாண்டை வைத்து ஆட்டிப் பார்ப்பார். "வண்டி நாளைக்கு வரும் தம்பி. உன்னை உங்க அம்மாவுக்கு நான் இன்னைக்குச் சாயங்காலமே திருப்பிக் குடுக்கணும்" என்பார். படிப்பறையிலே பாதுகாப்பு ஒரு பாடம். பட்டறையிலே பாதுகாப்பு ஒரு பாசம்! (கைத்தட்டல்)

இன்னொருத்தர் கேட்டார், "இப்போ வருகிற காரெல்லாம் கம்ப்யூட்டர். 2020 ஏப்ரலிலிருந்து பி.எஸ். 6 வண்டிகள்தான் விற்கலாம். ஸ்கேனரை மாட்டினால் அதுவே கோளாறைச் சொல்லிவிடும். உங்க மேஸ்திரியின் காதும் மூக்கும் இனி எதற்கு?" நல்ல கேள்வி. ஸ்கேனர் என்ன சொல்லும்? 'இந்த சென்சாரிலிருந்து செய்தி சரியாக வரவில்லை' என்று சொல்லும். சென்சார் கெட்டதா, அதுக்குப் போகிற வயரை எலி கடித்ததா என்று சொல்லாது. (சிரிப்பு) எங்க பக்கத்திலே காருக்குள்ளே எலி குடித்தனம் நடத்துவது சகஜம். சென்சாரை மாற்று, ஆயிரக்கணக்கிலே செலவு பண்ணு, மறுபடியும் அதே விளக்கு எரியும். வயரை விரலாலே தடவிக்கொண்டே போகிறவனுக்குத்தான் கடித்த இடம் தட்டுப்படும். ஸ்கேனர் அடையாளத்தைச் சொல்லும். காரணத்தை மனுஷன்தான் தேடணும்.

இதிலே இன்னொரு அழகு பாருங்க. மேஸ்திரிக்கு இப்போ அறுபது வயசு தாண்டிவிட்டது. ஸ்கேனர் வாங்கினதும் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "வாடா, இதுலே வர்ற இங்கிலீஷை எனக்குச் சொல்லிக் குடு" என்று என் பக்கத்திலே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, நோட்டிலே எழுதிக்கொண்டார். எந்தப் படிப்பறையிலே வாத்தியார் மாணவனிடம் நோட்டை நீட்டியிருக்கிறார்? பட்டறையிலே குரு சிஷ்யன் என்பது ஒருவழிப் பாதை இல்லை அய்யா. (கைத்தட்டல்)

ஜி.டி. நாயுடுவை எதிரணி இழுத்தார்கள். "அவரே கல்லூரி தொடங்கவில்லையா?" என்றார்கள். தொடங்கினார். ஆனா அவர் எப்படிக் கற்றார்? ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, கோயம்புத்தூர் ஓட்டலிலே சர்வராக வேலை பார்த்துக் காசு சேர்த்து, அந்த வண்டியையே விலைக்கு வாங்கி, அக்கக்காகப் பிரித்துப் போட்டு, மறுபடி மாட்டிக் கற்றார். 1920-லே பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ் விட்டார். பின்னாலே தொழில்நுட்பக் கல்லூரி வந்தபோது, 'நாலு வருஷப் படிப்பு காலத்தை வீணாக்குவது, ரெண்டு வருஷம் போதும்' என்று வாதாடி, ஏற்றுக்கொள்ளாததாலே விலகிக்கொண்டார். அவரை எங்க அணியிலே சேர்த்துக்கொள்கிறேன். ஆட்சேபணை உண்டா? (சிரிப்பு)

ஜெர்மனியைச் சொன்னார்கள். அங்கே கார் மெக்கானிக் ஆக மூன்றரை வருஷப் பயிற்சி. ஆமாம். அந்த மூன்றரை வருஷத்திலே பிள்ளை பெரும்பகுதி நாள் இருப்பது எங்கே? பட்டறையிலே! வாரத்திலே ஒன்றிரண்டு நாள்தான் பள்ளிக்கூடம். 1969-லேயே அதற்குத் தனிச் சட்டம் போட்டு, பட்டறையைக் கல்விக்கூடம் என்று ஒப்புக்கொண்டார்கள். முடித்தவனுக்குப் பட்டறையில் கற்றதற்கும் சேர்த்துச் சான்றிதழ் தருகிறார்கள்.

இங்கேதான் அய்யா, என் மனசிலே இருக்கிற பாரத்தை இறக்கி வைக்கணும். நம்ம நாட்டிலும் தொழில் பழகுநர் சட்டம் 1961-லேயே வந்தது. ஆனா 2019-லே திருத்திய விதிப்படி 30 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்துக்குத்தான் கட்டாயம். 4 பேரிலிருந்து 29 பேர் வரை இருந்தால் விருப்பப்பட்டால் சேர்த்துக்கொள்ளலாம். எங்க பட்டறையிலே மேஸ்திரியையும் சேர்த்து மூணு பேர். அந்தச் சட்டத்தின் கண்ணுக்கு நாங்கள் தெரியவே மாட்டோம். ரோட்டோரம் ஒரு வேப்ப மரத்தடியிலே தொழில் கற்றுக்கொள்கிறானே, அவன் எந்தக் கணக்கிலேயும் வரமாட்டான்.

என்னோடு ஒன்றாகத் தொழில் கற்ற நண்பன் ஒருத்தன். என்னைவிடக் கெட்டிக்காரன். கியர் பாக்ஸ் சத்தத்தை வைத்தே எந்த பேரிங் என்று சொல்லுவான். வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் போனான். "சர்டிபிகேட் எங்கே?" என்று கேட்டார்கள். கையைக் காட்டினான். கை செல்லாது என்று ஹெல்ப்பர் சம்பளத்திலே போட்டார்கள். அவன் சரி செய்து கொடுத்த வண்டிக்குச் சர்டிபிகேட் வைத்திருந்தவர் கையெழுத்துப் போட்டார். அவனுக்குத் தொழில் தெரியும், தெரியும் என்று சொல்ல ஒரு தாள் இல்லை.

இந்த நிலை எனக்கு வரக் கூடாது என்று என்னைத் துரத்தியவரும் என் மேஸ்திரிதான். பட்டறையிலே வேலை பார்த்த அனுபவத்தோடு, தனித்தேர்வராக ஐ.டி.ஐ. தொழில் தேர்வு எழுதலாம் என்று ஒரு வழி இருக்கிறது. அதை யாரிடமோ விசாரித்து, விண்ணப்பம் வாங்கி வந்து, "எழுதுடா" என்று முன்னாலே போட்டார். ராத்திரி பட்டறையை மூடிவிட்டு லைட்டைப் போட்டு நான் படித்தேன். அவர் பக்கத்திலே உட்கார்ந்து, "அந்தப் படத்திலே இருக்கிறது நேத்து கழட்டினோமே, அதுதானே?" என்று கேட்பார். செய்முறைத் தேர்விலே கொடுத்த இன்ஜினைப் பார்த்ததும் எனக்குச் சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி இருந்தது. (சிரிப்பு) பாஸ் பண்ணினேன். சான்றிதழைக் கொண்டுபோய் அவர் கையிலே கொடுத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, ரொம்ப நேரம் பார்த்தார். "எனக்கு இப்படி ஒண்ணு இல்லடா" என்றார். வேறே ஒண்ணும் சொல்லவில்லை.

(சிறிது நேரம் அரங்கில் அமைதி. பின் கைத்தட்டல்)

நாற்பது வருஷத்துக்கு மேலே வண்டிகளைப் பிழைக்க வைத்தவர். எத்தனையோ பிள்ளைகளுக்குச் சோற்றுக்கு வழி காட்டியவர். அவர் ஒரு ஆசிரியர் என்று சொல்ல இந்த நாட்டிலே ஒரு தாள் இல்லை. நடுவர் அவர்களே, இன்றைக்கு அரசாங்கம் அரசு ஐ.டி.ஐ.களைப் புது இயந்திரங்களோடு நவீனமாக்குகிறது. நல்லது, வரவேற்கிறோம். அந்தப் பிள்ளைகளை வாரத்திலே ரெண்டு நாள் எங்க மாதிரிப் பட்டறைக்கு அனுப்புங்க. எங்க பட்டறைப் பையன்களை வாரத்திலே ஒரு நாள் அங்கே உட்கார வையுங்க. என் மேஸ்திரி மாதிரி ஆட்களைக் கூப்பிட்டு, ஒரு மணி நேரம் அந்தப் பிள்ளைகள் முன்னாலே பேச வையுங்க. கரும்பலகை தேவையில்லை, ஒரு பழைய பிளக்கு போதும். நுனியிலே கறுப்புக் கரி படிந்திருந்தால் என்ன, வெளிறிப் போயிருந்தால் என்ன, இளம் பழுப்பாக இருந்தால் ஏன் சந்தோஷம் என்று ஒரு பிளக்கை வைத்தே ஒரு மணி நேரம் பேசுவார்.

வீட்டிலே பார்த்துக்கொண்டிருக்கிற பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. பையனைப் பட்டறையிலே விடுகிறபோது 'அடித்தாவது சொல்லிக் குடுங்க' என்று சொல்லாதீங்க. பத்தாவது முடிக்க வையுங்க. பட்டறைக்காரர் ஸ்டாண்டு வைக்கிறாரா என்று பாருங்க. வாடிக்கையாளரிடம் என்ன விலை சொல்கிறார் என்று கேளுங்க. அந்த ரெண்டும் சரியாக இருந்தால், தைரியமாக விட்டுவிட்டு வாங்க. தனித்தேர்வு எழுத வழி இருக்கிறது என்று அவனுக்குச் சொல்லுங்க.

என் பட்டறையிலே இப்போ ரெண்டு பேர் கற்றுக்கொள்கிறார்கள். ஒருத்தன் தறிக்காரர் மகன். அவனுக்கு நான் டைமிங் செயினைத் தறி ஓட்டத்தை வைத்துத்தான் சொல்லிக் கொடுக்கிறேன். நாடா ஓடுகிற நேரத்துக்குப் பாவு திறக்கணும், பிஸ்டன் ஏறுகிற நேரத்துக்கு வால்வு மூடணும். ஒரு நொடி பிசகினால் அங்கே நூல் அறும், இங்கே வால்வு வளையும். உடனே புரிந்துகொண்டான். இப்படிச் சொல்லித்தர எனக்கு யார் கற்றுக்கொடுத்தது?

படிப்பறை ஒரு பாடத்தை எல்லாருக்கும் சொல்லும். பட்டறை ஒரு பிள்ளையின் முகத்தைப் பார்த்து அவனுக்கென்று ஒரு பாடத்தைச் செய்யும். ஆகவே தொழிலைக் கற்றுத் தருவதில் விஞ்சி நிற்பது பட்டறையே, பட்டறையே என்று அடித்துச் சொல்லி, அந்தப் பட்டறைக்கு இந்த நாடு ஒரு தாள் பாக்கி வைத்திருக்கிறது என்பதையும் நினைவுபடுத்தி, நல்ல தீர்ப்பு வரும் என்ற நம்பிக்கையோடு விடைபெறுகிறேன்.

(நீண்ட கைத்தட்டல்)